கடுகின் எடை

கிண்ணம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. குட்டி நாய் சாப்பிட்டு முடித்த கிண்ணம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஓரத்தில் அரைத்த இறைச்சி கொஞ்சம் ஒட்டியிருக்கும், கிண்ணமே இரண்டடி நகர்ந்து போயிருக்கும், தரையெல்லாம் ஈரக் கால்தடமாக இருக்கும். இதுவோ வைத்த இடத்திலேயே, துடைத்து வைத்ததுபோல் மின்னியது. பச்சை ஈரலின் வாடை மட்டும் சமையலறையில் கனமாகத் தங்கியிருந்தது. துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் குட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அது கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சமத்துக் குட்டி" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போட்டாள்.

கருப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் அவள் கணவன் அதற்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தான். எட்டு வாரக் குட்டி. கொடுத்த பெண்மணி கூடவே ஒரு தாளும் கொடுத்தனுப்பினாள். வேகவைத்தது எதுவும் வேண்டாம். மெல்லிய எலும்போடு சேர்த்து அரைத்த பச்சைக் கோழி, கொஞ்சம் ஈரல். குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது, கதவைச் சாத்திக் கால் மணி நேரம் தனியாக விட வேண்டும். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

ஒரு தாளைப் பார்த்து அப்படியே செய்வதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. வீட்டு ஹாலில் மெஷின் போட்டுத் தைப்பவள். அவளுடைய நோட்டில் ஒருமுறை அளவு ஏறிவிட்டால் ஏறியதுதான். பல வருட வாடிக்கையாளர் வந்து நின்றாலும் டேப்பை எடுக்க மாட்டாள், பழைய பக்கத்தைப் புரட்டித்தான் வெட்டுவாள். குட்டி எடை மெஷினில் தனியாக நிற்காததால் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் நாள் தன் எடையை எழுதினாள், ஐம்பத்து நான்கு. அப்புறம் தினமும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள், வருகிற எண்ணில் ஐம்பத்து நான்கைக் கழிப்பாள். முதல் நாள் இரண்டு கிலோ. ஒரு வாரத்தில் இரண்டு எண்ணூறு. அடுத்த வாரம் மூன்று எழுநூறு. எடை ஏற ஏற இறைச்சியையும் கூட்டிக்கொண்டே போனாள், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கணவனுக்குத்தான் கண்ணை உறுத்தியது. லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்து சோபாவில் விழுந்தவன், ஒரு மாலை குட்டியை மடியில் போட்டுத் தடவிப் பார்த்தான்.

"என்னடி இது, எலும்பை எண்ணலாம் போல இருக்கு?"

"நோட்டைப் பாருங்க. ரெட்டிப்பாகப் போகுது."

"நோட்டு குண்டாகுது சரி. குட்டி குண்டாகலையே. பேசாம வேகவச்சுக் குடுத்துப் பாரேன்."

"வேகவச்சது கூடாதுன்னு எழுதியிருக்கு. நீங்கதான் எனக்குத் தெரியாம பிஸ்கெட் எதையாவது குடுத்துக் கெடுக்கறீங்க."

"நானா? உன்னைக் கேக்காம இந்த வீட்ல நான் தண்ணி குடிச்சிருக்கேனா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு விழுந்தது சந்தேகம். பச்சை இறைச்சி அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஒருவேளை எடுத்துக் குப்பையில் போடுகிறானோ? அவள் ஃப்ரீஸரில் எண்ணி வைத்த பொட்டலங்களில் வேறு ஒன்றிரண்டு குறைந்துகொண்டே வந்தன. குப்பைக்கூடையைக் கிளறினாள். எதுவும் இல்லை. அவனுடைய சட்டையை மோந்து பார்த்தாள், கிரீஸ்தான் அடித்தது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவனை இப்படி வேவு பார்த்ததில்லை. அதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு காரியம் செய்தாள். ஃப்ரீஸர் கதவின் கைப்பிடியில் கருப்பு நூல் ஒன்றைக் குறுக்கே இழுத்து முடிந்துவைத்தாள். மறுநாள் நூல் அறுந்து தொங்கியது. அவசரமாக நுனியை விரலில் எடுத்துப் பார்த்தாள். கத்தரியால் வெட்டின நூல் நேராக இருக்கும், இழுத்து அறுத்தது பிரிபிரியாக நிற்கும். இது சப்பையாக, ஈரமாக இருந்தது. பல்லால் கடித்தது. தைக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நூலைக் கடிப்பார்கள், அவளும் நாளைக்கு ஐம்பது தடவை கடிப்பாள்.

கணவனுக்கு எப்போது இந்தப் பழக்கம் வந்தது என்று யோசித்தபடியே மெஷினில் போய் உட்கார்ந்தாள். இடுப்பு இறுக்கியது. போன மாதம்தான் தனக்கென்று தைத்த உடுப்பு. துணி சுருங்கிவிட்டது என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே பக்கத் தையலைப் பிரித்து விட்டாள்.

மூன்றாவது வாரக் கடைசியில் கடுகு எழுந்து நிற்கவே தடுமாறியது. நோட்டில் அன்றைய எடை நான்கு அறுநூறு. தூக்கிக்கொண்டு நாய் டாக்டரிடம் ஓடினாள். நரைத்த தலையை ஆண்பிள்ளை மாதிரி வெட்டிக்கொண்ட அம்மா அவர். குட்டியை மேசை மேல் இருந்த சின்ன மெஷினில் வைத்தார்.

"ஒண்ணு எண்ணூறு" என்றார்.

"இல்லீங்க டாக்டர், நாலு அறுநூறு."

"என்னம்மா, வாங்கும்போது எவ்வளவு?"

"ரெண்டு."

டாக்டர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்தினார். "வயித்துல ஒண்ணுமே இல்ல. இவ்வளவு சின்னதுக்குப் பச்சை இறைச்சி நான் குடுக்கச் சொல்லமாட்டேன், அது தனிக் கதை. ஆனா இது இறைச்சி ஒத்துக்காம இளைச்ச குட்டி இல்ல. பட்டினி கிடக்கற குட்டி, எதையோ நக்கித்தான் உயிரைப் பிடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா பிழைக்காது. யாரும்மா இதுக்குச் சோறு வைக்கறது?"

"நான்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணிகூட ஆகவில்லை. ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்து, வெட்டின துணித்துண்டுகள் தரையில் கலர்கலராகக் கிடந்தன. எடை மெஷின்தான் பொய் சொல்கிறது என்று தீர்மானித்து அதை ஹாலுக்கு இழுத்து வந்தாள். குட்டியைச் சோபாவில் விட்டாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தனியாக ஏறினாள்.

ஐம்பத்து ஆறு எண்ணூறு.

இறங்கினாள். மறுபடி ஏறினாள். அதே எண். நோட்டை விரித்துக் கூட்டினாள், கழித்தாள், திரும்பக் கூட்டினாள். கணக்கு இடிக்கவே இல்லை. சமையலறைக் கதவைச் சாத்திய அந்தக் கால் மணி நேரங்களை நினைத்துப் பார்த்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. கதவு சாத்துகிற சத்தம் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கிண்ணம் கழுவினது. நடுவில் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கமாக நின்று கதவைச் சாத்தினாள்?

சோபாவில் கடுகு நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக அது ஏன் சந்தில் ஒளிந்தது என்று புரிந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. பாவம், வாயில்லா ஜீவன். பசியோடு உட்கார்ந்து, இவள் சாப்பிடுவதை மூன்று வாரமாகப் பார்த்திருக்கிறது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"உடனே வாங்க. கடுகை உங்க அக்கா வீட்ல கொண்டு விட்டுடுங்க. என்கூட விடாதீங்க."

"ஏன், என்ன ஆச்சு? உன் குரலே சரியில்லையே."

"நான் ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்கறேன். சாவியைக் கதவுக்கு அடியில தள்ளிடறேன். நீங்க வந்து, முதல்ல அதைத் தூக்கிக்கிட்டுப் போய் விட்டுட்டு, அப்புறமா திறங்க."

"அரை மணி நேரத்துல வந்துடறேன். நீ பதறாத."

கிண்ணம் நிறைய இறைச்சி வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஹாலின் நடுவில் வைத்தாள். குட்டியை இறக்கி அதன் பக்கத்தில் விட்டாள். அது கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தது. ஓடினாள். படுக்கையறை. கதவு. பூட்டு. சாவியை அடி இடுக்கு வழியாகத் தள்ளினாள். அது தரையில் வழுக்கிக்கொண்டு தூரமாகப் போனது.

கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஹாலில் மின்விசிறி கிறீச்சிட்டது. மாடியில் யாரோ நாற்காலி இழுத்தார்கள். வெகு நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் கேட்டது. ஈரமாக, மெதுவாக. மெல்லும் சத்தம். நடுவே மெல்லிய எலும்பு ஒன்று நொறுங்கியது.

சாப்பிடுகிறது. கடுகு சாப்பிடுகிறது!

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவசரப்படாதே, மெதுவாகச் சாப்பிடு என்று வாய்விட்டுச் சொல்ல நினைத்தாள். சொல்ல வரவில்லை. அழுகையில் தொண்டை அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொரு எலும்பு நொறுங்கியது. அவளுடைய வாழ்க்கையில் இவ்வளவு இனிமையான சத்தம் கேட்டதில்லை.

கதவை யாரோ பிராண்டினார்கள். சின்ன நகங்கள். கதவுக்கு அந்தப் பக்கம், இடுக்கில் மூக்கை வைத்துக் குட்டி முனகியது.

முனகிக்கொண்டே இருந்தது.

மெல்லும் சத்தமும் நிற்கவில்லை.

பக்கத்தில் கேட்டது. மிகப் பக்கத்தில். அவள் கண்ணைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கித் தாடையைத் தொட்டாள். தாடை அசைந்துகொண்டிருந்தது. வலி இல்லை. இடது கையை மட்டும் காணோம். அது மணிக்கட்டு வரை எங்கேயோ வெதுவெதுப்பாக இருந்தது.

முழங்கை வழியாகச் சொட்டியது தரையில் கோடாக ஓடி, கதவின் அடி இடுக்கில் நுழைந்து வெளியே போனது.

முனகல் நின்றது. மோப்பம் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, ஒரு சின்ன நாக்கு, முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் வேக வேகமாக, நக்கிச் சாப்பிடத் தொடங்கியது.