கிழிந்த பக்கத்துக்கு அடியில்

மருத்துவமனையின் பழைய பதிவேட்டு அறைக்கு அந்தப் பெண் நிருபர் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. ஐந்து மணிக்கு லாரி வந்து எல்லாவற்றையும் அழிப்பதற்கு அள்ளிக்கொண்டு போய்விடும். ஜன்னல் இல்லாத அறை. ஈரக் காகிதமும் பினாயிலும் கலந்த வாடை.

அமைச்சர் புதுக் கட்டடம் திறக்க வந்த அன்று, காய்ச்சல்காரர்கள் கேமராவில் தெரியக் கூடாதென்று பின்பக்க வார்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே இறங்கியது. அன்று அந்த வார்டில் ஆளே இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்கள். அவளுடைய தம்பி அங்கேதான் செத்தான். ரோட்டில் கிடந்தான் என்று உடலைக் கொடுத்தார்கள். அவன் மூச்சுத் திணறிய நேரத்தில் அவள் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து அமைச்சர் பேச்சைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

எழுத்தில் ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூடப் போட முடியாது என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

குமாஸ்தா வார்டுப் பதிவேட்டை நீட்டினார். "தேடுங்கம்மா. உங்களுக்கு முன்னாடியே எலி நல்லாத் தேடியிருக்கு."

அந்தத் தேதிப் பக்கம் இல்லை. எலி இவ்வளவு நேராகக் கிழிக்காது.

மேல்தாளில் அழுத்தி எழுதியது அடித்தாளில் பதிந்திருக்கும். கிழிந்த இடத்துக்கு அடுத்த தாளில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். வெள்ளைக் கோடுகளாகப் பெயர்கள் எழும்பின. ஒன்பதாம் கட்டிலில் தம்பி.

கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு பார்த்தால், பட்டியலுக்குக் கீழே இன்னும் ஏதோ. தேய்த்தாள்.

அக்கா, கதவைத் திற.

அவளே கைபிடித்து எழுதப் பழக்கிய எழுத்து.

அடுத்த தாளைத் தேய்த்தாள். தாளுக்குத் தாள் பதிவு மங்க வேண்டும்.

மங்கவில்லை. ஆழமாகிக்கொண்டே போனது.

பத்தாவது தாளில் பென்சிலே தேவைப்படவில்லை. இருபதாவது தாள் பொத்தலாகியிருந்தது.

"சார், புகை வாடை வருதா?" என்று மெல்லக் கேட்டாள்.

வரவில்லை என்றார் குமாஸ்தா.

முதல் தாளைப் படம் பிடித்து அனுப்பினாள். ஆசிரியர் உடனே கூப்பிட்டார். பட்டியல் போதும் என்றார். "கீழே இருக்கிற வரியை வெட்டிடவாம்மா? அது இருந்தா, மொத்தமும் நீயே எழுதினதுன்னு சொல்லிடுவாங்க."

 இருபதாவது தாளின் பொத்தலை உள்ளங்கையால் மூடினாள்.

"வெட்டிடுங்க."

மறுநாள் காலை செய்தி பட்டியல் படத்தோடு முதல் பக்கத்தில் வந்தது. ஒன்பதாவது பெயரைத் தடவிப் பார்த்தாள். விரல் பட்டியலுக்குக் கீழே, வெட்டிய வரியின் இடத்துக்கு இறங்கியது. அங்கே மை இல்லை, வெறும் வெள்ளை.

பள்ளம் தட்டுப்பட்டது.

கடைக்கு ஓடி இன்னொரு பிரதி வாங்கினாள்.

அதில் இன்னும் ஆழமாக இருந்தது.