மூன்று பேருக்கு ஒரு அறை

ஐந்தாம் நாளுக்கு நேராக அவள் எழுதாத ஒரு வரி இருந்தது. 'மதியம்: அறையிலேயே இருத்தல்.'

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தாள். அதே வரிதான். காலையில்தான் இந்தப் பயணத் திட்டத்தை மேலோட்டமாக ஒரு தடவை பார்த்துவிட்டு, மலைமேல் இருக்கும் விடுதிக்கும் வண்டிக்காரருக்கும் அனுப்பியிருந்தாள். அப்போது ஐந்தாம் நாள் மதியத்துக்குக் குதிரைச் சவாரி இருந்தது. சத்தியமாக இருந்தது. அந்தச் சவாரிக்காக மகள் இரண்டு நாளாகச் சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து அதன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். பழைய திட்டத்தின் மிச்சம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, வரியை அழித்துவிட்டுக் குதிரையை மறுபடி கொண்டுவந்து சேர்த்தாள்.

அவள் வேலை பார்க்கும் சுற்றுலா அலுவலகத்தில் யாரும் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதில்லை. ஏற்கெனவே ஒரு குடும்பம் போய்வந்த திட்டத்தை எடுத்து, பேரையும் தேதியையும் மாற்றி, அடுத்த குடும்பத்தின் தலையில் கட்டிவிடுவார்கள். அதற்கு ஒரே ஒரு விதி உண்டு. போனவர்கள் வீடு திரும்பியதும் மேலாளர் ஃபோனில் விசாரித்து, அவர்களுடைய கோப்பின் அட்டைமேல் பச்சை மையில் ஒரு டிக் போடுவார். டிக் இல்லாத கோப்பிலிருந்து யாரும் நகல் எடுக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை அலமாரியின் கீழ்த்தட்டில் அவள் கண்டெடுத்த கோப்பில் டிக் இல்லை. ஆனால் கணவன், மனைவி, பத்து வயதுப் பெண், ஜன்னலோரம் மூன்று பேருக்கு ஒரு அறை என்று அச்சு அசலாக இவர்களுக்கே அளவெடுத்த மாதிரி இருந்தது. மேலாளருக்கு மறதி அதிகம், போடாமல் விட்டிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எடுத்துவிட்டாள்.

பன்னிரண்டு வருடமாக ஊர் உலகத்தையெல்லாம் இமயமலைக்கு அனுப்பிவைக்கிறவள், இந்த மூன்றாவது மாடி வீட்டையும் அலுவலகத்தையும் தாண்டிப் பெரிதாக எதையும் பார்த்ததில்லை. அலுவலகத்தில் அவளுக்குக் 'கைடு' என்று பட்டப்பெயர் வைத்ததே அந்தக் கிண்டலில்தான். பனியைக் காட்டுகிறேன் என்று மகளுக்கு மூன்று தடவை வாக்குக் கொடுத்து, மூன்று தடவையும் ஏதோ ஒரு வேலை குறுக்கே வந்து கெடுத்தது. இந்த முறையும் போகாவிட்டால் இனி அம்மா சொல்லும் எதையும் நம்பப்போவதில்லை என்று குழந்தை அழாமல் கொள்ளாமல் சொன்னது. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நிதானமான குரல் அவளைப் போட்டு அறுத்தது.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அனல் காற்றை அள்ளி வீசும் ஃபேனுக்கு அடியில், முன்னறை மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். படுக்கையறையில் கணவனும் மகளும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளம்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. இருந்தாலும் வாலு பொறுக்குமா? வீட்டில் மகளுக்கு அதுதான் பெயர். வேர்த்து ஊற்றும் வெயிலில் கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனுக்குப் பல் செட் செய்யும் தொழில். வாய்க்குள் முப்பத்திரண்டை அடுக்குகிறவனுக்கு ஒரு பெட்டி எம்மாத்திரம் என்று அவன் பீற்றிக்கொண்டதும், குழந்தை கெக்கெக்கென்று சிரித்ததும், பாதி சாத்தியிருந்த கதவு வழியாகக் காதில் விழுந்தன.

திட்டத்தைத் திரும்பப் பார்த்தாள். ஆறாம் நாளிலும் அறையிலேயே இருத்தல். மேலே தள்ளினாள். நான்காம் நாள் காலை, மதியம், மாலை, மூன்றிலும் அதே வரி. மூன்றாம் நாளில் ஏரி இல்லை, கடைவீதி இல்லை. குதிரை மறுபடி காணாமல் போயிருந்தது.

விடுதிக்காரனிடமே கேட்டுவிடலாம் என்று ஃபோன் போட்டாள். வெகுநேரம் மணி அடித்து, ஒரு ஆள் எடுத்தார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி குரல். அறை உறுதிதானே என்று கேட்டாள். அதில் உறுதி செய்ய என்ன இருக்கிறது, அதுதான் மத்தியானமே சாவியைக் கொடுத்தாயிற்றே என்றார் அவர். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நாங்கள் கிளம்புவதே வியாழக்கிழமை, நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்றாள். அவர் திட்டத்தில் இருந்த மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னார். கணவன் பெயர், அவள் பெயர், பள்ளிக்கூடத்தில் மட்டும் கூப்பிடும் மகளின் முழுப் பெயர். எல்லாம் சரியாக இருந்தது.

"பாப்பா ஜன்னல்கிட்டதான் நிக்குது" என்றார். "இப்பதான் கீழேருந்து பாத்தேன். குல்லா போட்டுக்கிட்டு."

ஃபோனை வைத்துவிட்டாள். படுக்கையறையில் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. குழந்தை என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இருக்கிறார்கள், இங்கேதான் இருக்கிறார்கள். ஆள் போதையில் உளறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் பாதி சாத்தியிருந்த கதவை ஒருதடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வாசனையை அதற்குப் பிறகுதான் கவனித்தாள். ஈரக் கம்பளி, அணைந்துபோன விறகுக் கரி, அதற்கெல்லாம் மேலே மூக்கைச் சுரண்டும் ஒரு பச்சைப் பிசின் வாசனை. ஆயிரம் திட்டங்களில் 'பைன் மரக் காற்று' என்று எழுதியவள்தான், ஒருநாளும் முகர்ந்ததில்லை. இருந்தும் இதுதான் அது என்று தெரிந்துவிட்டது. கீழே பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கூச்சல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. வண்டிச் சத்தமும் இல்லை. காதில் யாரோ பஞ்சை அடைத்த மாதிரி ஒரு அமைதி, வெளியிலிருந்து சுவரை அமுக்கிக்கொண்டு நின்றது. தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு வேர்வை நின்றுபோய்க் கைமுடி சிலிர்த்தது.

அலுவலகத்தில் டிக்கெட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டாள். அவளைவிட மூத்தவர், எதற்கும் பதறாதவர். எந்தக் கோப்பு என்று கேட்டார். சொன்னாள்.

"அதுல டிக் இருந்துச்சாம்மா?"

"இல்லண்ணா. மறந்திருப்பாருன்னு..."

"மறக்கல. அவங்க திரும்பி வரல."

பிறகு அவர் சொன்னது இதுதான். எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. மூன்று பேரும் மேலே போனார்கள். அறை உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. மூன்று நாள் தட்டிப் பார்த்துவிட்டு உடைத்தார்கள். செருப்பு இருந்தது, மூக்குக்கண்ணாடி இருந்தது, கோப்பையில் டீ சூடாக இருந்தது. ஆள் மட்டும் இல்லை. மேலாளர் அந்தக் கோப்பைக் கிழித்துப்போட மனம் வராமல் கீழ்த்தட்டில் தள்ளிவிட்டார். நீ வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், அனுப்பிய திட்டத்தை உடனே ரத்து செய் என்றார். சரி என்று அவள் வைக்கப்போகும்போது, தொழில் புத்தியில் இன்னொன்றும் கேட்டார்.

"கடைசிப் பக்கத்துல பேர் மாத்தினியா?"

அவர்கள் அலுவலகத்தில் எல்லோரும் செய்கிற தப்பு அது. முதல் பக்கத்தில் பேர் மாற்றுவார்கள், அறைச் சீட்டில் மாற்றுவார்கள், திரும்பும் பக்கம் கடைசியில் தனியாகக் கிடப்பதால் விட்டுப்போகும். போன மாதம்கூட ஒரு கல்யாண ஜோடி ஊர் திரும்பும் டிக்கெட்டில் இரண்டு தாத்தாக்களின் பெயர் இருந்தது. அதைச் சொல்லி வாரக்கணக்கில் சிரித்தார்கள்.

அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

'மாலை ஆறு மணி: மூவரும் அறையை விட்டுக் கிளம்பி வீடு திரும்புதல்.' கீழே மூன்று பெயர்கள். அவள் மாற்றவில்லை. அந்தக் குடும்பத்தின் பெயர்களே இருந்தன. தேதி மட்டும் புதிது. மாற்றும்போது கைதவறி, ஊர் திரும்பும் நாளைப் போடாமல், இன்றைய தேதியைப் போட்டிருந்தாள்.

திரையின் ஓரத்தில் மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

"அண்ணா" என்றாள். ஃபோனில் காற்று மட்டும் ஊளையிட்டது.

அடித்தாள். கணவன் பெயரை அடித்தாள், திரையில் பழைய ஆளின் பெயர் விழுந்தது. அழித்தாள். மறுபடி அடித்தாள். மகளின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, விசையைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். அந்தப் பெண்ணின் பெயர்தான் வந்தது. பக்கம் முழுவதையும் அழித்தாள். அது மெல்ல, மேலிருந்து கீழாக, தானாகவே நிரம்பியது.

ஐந்து ஐம்பத்தைந்து.

"என்னங்க!" என்று கத்தினாள். "ரெண்டு பேரும் வெளிய வாங்க. உடனே வாங்க."

"அம்மா" என்றது குழந்தை. குரல் கனமான போர்வைக்குள்ளிருந்து வந்தது. "இங்க பனி கொட்டுதும்மா. நீ சொன்ன மாதிரியே."

எழுந்து ஓடினாள். பாதி சாத்தியிருந்த கதவு முழுவதும் சாத்தியிருந்தது. கைப்பிடியைத் தொட்டதும் விரல் ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுக்கவேண்டியிருந்தது. தோளால் இடித்தாள். காலால் உதைத்தாள். கதவின் இடுக்கில் குளிர் கசிந்தது. "வாலு, கதவத் திற. அப்பாவ திறக்கச் சொல்லு." கணவனின் குரல் ஒருதடவை மிகத் தூரத்தில் கேட்டது. ஒரு பெரிய மலைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறான். அவள் பெயரைத்தான் கூப்பிட்டான்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. பால்கனிக் கதவும் அசையவில்லை. நாற்காலியால் கண்ணாடியை அடித்தாள். மெத்தையில் அடித்த சத்தம் வந்தது. ஒரு கீறல் விழவில்லை.

ஆறு மணி.

படுக்கையறைக் கதவு தானாகத் திறந்தது.

முதலில் ஒரு ஆள் வந்தான். கையில் அவர்களுடைய பெட்டி. பின்னால் ஒரு பெண். கடைசியில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, வாலுவின் கம்பளிக் குல்லாவோடு. மூன்று பேர் தோளிலும் பனி. முன்னறையின் வெயிலில் அது உருகிச் சொட்டியது. தண்ணீர் தரையில் விழுந்தது, அந்த ஈரத்தை அவள் கண்ணால் பார்த்தாள். யாருக்கும் காலில் செருப்பு இல்லை. விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

அந்தப் பெண் அவள் எதிரே நின்றாள். முகத்தில் கோபம் இல்லை, வஞ்சம் இல்லை. நெடுந்தூரம் நின்றுகொண்டே பயணம் செய்து இறங்கியவளின் களைப்புதான் இருந்தது.

"எட்டு வருஷமா யாருமே எங்க பேருக்குத் திரும்புற தேதி போடல" என்றாள். "நீங்கதாம்மா போட்டீங்க. நல்லா இருங்க."

வாசல் தாழ்ப்பாள் அவர்கள் கைக்குச் சட்டென்று விலகியது. கதவு அகலத் திறந்தது. பந்து விளையாடும் பிள்ளைகளின் கூச்சலும், மாடிப்படியில் யாரோ செருப்பு தேய்த்து நடக்கும் சத்தமும், வெயிலின் சூடும் ஒரே அலையாக உள்ளே வந்தன. மூன்று பேரும் படியிறங்கினார்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான்கு எட்டு வைத்தால் வெளியே. அவளை யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பக்கம் படுக்கையறையும் திறந்திருந்தது.

அவள் படுக்கையறைக்குத்தான் ஓடினாள்.

பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. திரும்பிப் பார்த்தாள். உள்பக்கம் கைப்பிடி இல்லை. பலகைச் சுவர். மூன்று தலையணை. கட்டில் விளிம்பில் கணவன் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்து, அடையாளம் தெரிந்து, எதற்கு வந்தாய் என்று கேட்கிற மாதிரி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

வாலு ஜன்னலோரம் நின்றிருந்தாள். வெளியே வெள்ளை. பள்ளம், மேடு, வானம் எதுவும் இல்லை. கொட்டிக்கொண்டே இருந்தது.

"பாரும்மா" என்றாள் குழந்தை. "படம் வரையலாம்னு ஊதறேன். வரவே மாட்டேங்குது."

குழந்தை கண்ணாடியோடு வாயை ஒட்டி, கன்னம் உப்ப, ஹா என்று ஊதியது. கண்ணாடியில் ஆவி படியவில்லை. மறுபடி ஊதியது. படியவில்லை.

அவள் மண்டியிட்டாள். மகளின் தோளை அணைத்துக்கொண்டாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஊதினாள். நிறுத்தாமல் ஊதினாள்.

கண்ணாடி துடைத்துவைத்தது மாதிரி தெளிவாக இருந்தது.