மாறி வந்த மகிழ்ச்சி

பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே தூத்துக்குடியில் எல்லோரும் உட்கார இடம் தேடத் தொடங்கிவிடுவார்கள். மின்பேருந்துகள் ஓரங்கட்டும். டீ மாஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போடுவார். துறைமுகத்துக் கிரேன்கள் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு அசையாமல் நிற்கும். சைரன் ஒன்றும் கிடையாது. ஊரே தானாக அடங்கும்.

மீள்வு நிலையத்தின் மூன்றாம் மேசையில் ஜெசிந்தா நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். நாற்பது நாட்களாக இப்படித்தான். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் ஒரு படபடப்பு.

"ஏ ஜெசி, இன்னைக்கும் சிரிக்கப் போறியா?" என்றாள் அடுத்த மேசை ராஜகனி. "உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே என் பதினொண்ணைக் கோட்டை விட்டுருதேன். அப்படி யாருக்குட்டி என்ன நல்லது செஞ்சே?"

"தெரியலைக்கா. சத்தியமா தெரியலை."

உண்மையிலேயே தெரியவில்லை. மீள்வி பெயர் சொல்லாது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் மிளகளவே இருக்கும் அந்தக் கருவி. மனிதர்கள் பழகும்போது அவர்களுடைய மீள்விகளும் பேசிக்கொள்ளும். ஒருவர் சொன்ன சொல்லால், செய்த செயலால் எதிரில் இருப்பவருக்குள் என்ன ஏறியது, என்ன இறங்கியது என்று பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் பதினொரு மணிக்கு, ஒன்பது நிமிடம், அத்தனையும் செய்தவருக்குள் வந்து சேரும். வினைப்பயனுக்கு முற்பிறவிவரை போக வேண்டியிருந்தது ஒரு காலம். இப்போது நேற்றுவரை போனால் போதும்.

ஜெசிந்தாவுக்கு அந்த ஒன்பது நிமிடம் என்றாலே பயம். மீள்வி பொருத்திய முதல் மாதத்தில், தோழி பியூலாவிடம் அவளுடைய பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். மறுநாள் அந்த வார்த்தை போய்த் தைத்த இடம் அவளுக்குள்ளேயே திறந்தது. அன்று முழுக்க எழுந்திருக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மீள்வியின் தணிப்பை ஒன்பதில் வைத்தாள். ஒன்பதில் எல்லாம் தொலைவில் கேட்கும் மழைபோல ஆகிவிடும். பேச்சையும் குறைத்தாள். ஆறு ஆண்டுகள் அப்படியே போயின.

நாற்பது நாளைக்கு முன் அந்த ஒன்பதையும் உடைத்துக்கொண்டு ஒன்று வந்தது. அடிவயிறு சட்டென்று குழிந்தது. பயம். உடனே பயத்தைப் பிய்த்துக்கொண்டு ஒரு சிரிப்பு. மறுபடி குழிவு, மறுபடி சிரிப்பு. ஒன்றல்ல, நூறு சின்னச் சின்னச் சிரிப்புகள். மறுநாளே தணிப்பைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். பிறகு அவள் வாழ்ந்ததே அந்த ஒன்பது நிமிடத்தின் மிச்சத்தில்தான். மேசைக்கு வருபவர்களை நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க, உட்காருங்க, ஒண்ணுமில்லை, சரிபண்ணிரலாம்" என்று சிரித்தாள். ராஜகனிக்குக்கூட ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மணி பதினொன்று.

ஒன்றும் வரவில்லை.

குழிவு இல்லை. சிரிப்பு இல்லை. யாரோடும் பேசாமல் கழித்த ஒரு நாளின் வெறுமை மட்டும் ஒன்பது நிமிடம் நீடித்தது. ஆனால் நேற்று அவள் இருபது பேரிடமாவது பேசியிருந்தாள்!

மீள்விதான் பழுது என்று நினைத்தாள். படிப்பானை எடுத்துக் காதுக்குப் பின்னால் வைத்து உள்பதிவைத் திறந்தாள். எண்களைப் பார்த்ததும் காது சூடேறியது. அவளுடைய மீள்வி நாற்பத்தோரு நாளாக, அவளுக்குரியதை அவளிடம் கொண்டுவரும் தடத்திலேயே இல்லை. வேறொருவருடைய தடத்தில் இருந்தது.

எப்படி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. புது மீள்வி பொருத்தியதும் சோதனைத் தடத்தில் ஓடவிட வேண்டும் என்பது விதி. அதற்கு இருபது நிமிடம் ஆகும். தன்னுடைய தடத்தையும் வந்தவருடைய தடத்தையும் மாற்றிப்போட்டுப் பார்த்தால் இரண்டே நிமிடம். நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டுவிட வேண்டும். அன்று அந்த இரண்டாவது நிமிடத்தில் ராஜகனி தன் மகளின் காதுகுத்து லட்டை நீட்டியிருந்தாள்.

தடத்துக்கு உரியவர் சுடலைமணி, ஐம்பத்தாறு வயது, கடற்கரைப் பூங்காவில் ராட்டினம் ஓட்டுபவர். பழைய மீள்வியை மாற்றிக்கொள்ள அன்று வந்திருந்தார்; அவர் முகத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ராட்டினம்! அந்தக் குழிவு! ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் சிரிப்பே வந்துவிட்டது. அடுத்த கணம் அவர் பெயருக்குக் கீழே இருந்த விண்ணப்பம் கண்ணில் பட்டது. மீள்வியை அகற்றக் கேட்டிருந்தார். காரணம் என்ற கட்டத்தில், 'ராட்டினத்தைப் பிரித்து விற்கிறேன். இனி இது எனக்கு வேண்டாம்.'

திருப்பிக் கொடுத்தால் அந்தச் சிரிப்பு போய்விடும். அவளுடையது அவளிடம் வரும். ஆறு ஆண்டுகளாக அவள் தணித்து வைத்திருந்தது. அது என்னவென்றே அவளுக்குத் தெரியாது. படிப்பானைப் பையில் போட்டுக்கொண்டு, "அக்கா, என் மேசையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றவள் பதிலுக்கு நிற்கவில்லை. நின்றால் போகமாட்டோம் என்று தெரிந்திருந்தது.

பூங்காவில் ராட்டினத்தின் பன்னிரண்டு தொட்டில்களில் நான்கு கழற்றப்பட்டு மணலில் கிடந்தன. சுடலைமணி ஐந்தாவதின் அடியில் ஸ்பேனரோடு படுத்திருந்தார்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க!"

அவ்வளவு சத்தமாக அவள் பேசி ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பதறிப்போய் வெளியே வந்தார்.

"யாரு தாயி? ஆள் யாரும் மாட்டிக்கிட்டாங்களா?"

"நான் மீள்வு நிலையத்துல இருந்து வாரேன். ராட்டினத்தை ஏன் பிரிக்கீங்க?"

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். "இருபத்தெட்டு வருசமா ஓட்டுதேன். பதினொண்ணானா பிள்ளைய சிரிப்பு அப்படியே வரும் தாயி. இந்த நாப்பது நாளா வேற வருது. யாரோ பயந்து போயி வந்து, பயம் விட்டு, அப்பாடான்னு மூச்சு விடுத மாதிரி. தெனமும் அதேதான். நாளாக நாளாகக் கூடிக்கிட்டே போவுது."

"அது…"

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. பிள்ளைய இப்பம்லாம் என் ராட்டினத்தைப் பாத்துப் பயப்படுது. ஏறிட்டு, எப்படா எறங்குவோம்னு தவிக்குது. எறங்கினதும் விடுத மூச்சுதான் எனக்கு வருது. பிள்ளைகளைத் தவிக்க விட்டுச் சம்பாதிக்கவா நான்? நேத்தே நிறுத்திட்டேன்."

ஜெசிந்தா மணலில் கிடந்த தொட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அந்த மூச்சு உங்க பிள்ளைங்களோடது இல்ல. என் மேசைக்கு வாரவங்களோடது."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லட்டையும் விடவில்லை. அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அப்பம் என் பிள்ளைய சிரிப்பு?"

"எனக்கு வந்துச்சு. நாப்பது நாளும். ஒண்ணுகூடக் குறையலை. ஒரு பிள்ளை இருக்கு, மேல போனதும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கீழ வாரப்பதான் விடும். அது சிரிச்சா விக்கல் வந்துரும்."

"ஷாலினி!" அவர் கத்தியே விட்டார். "பேக்கரிக்காரர் பேத்தி! அவதான்! அவளுக்குத்தான் விக்கல் வரும்!"

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு அவர் கோபம் வந்தவராக முறைத்தார். "லட்டு தின்னதுக்கு நாலு தொட்டிலைக் கழத்த வச்சிட்டியே பாவி!"

"தப்புதான் அண்ணாச்சி. மேல எழுதிப்போட்டா எனக்கு வேலையே போகும். எழுதுங்க."

"எழுதிப்போட்டா கழத்துன தொட்டிலு தானா மாட்டிக்கிடுமா? தலையை எந்தப் பக்கம் சாய்க்கணும், அதைச் சொல்லு."

அவள் படிப்பானை அவர் காதுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு தன் காதுக்குப் பின்னால். எண்கள் இடம் மாறின. இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்தாள். அதன் பின் ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான்கு தொட்டில்களையும் அவரோடு சேர்ந்து மாட்டினாள். முடியும்போது பள்ளி விட்டிருந்தது. வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டியிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கலாமா அண்ணாச்சி?" கிளம்பும்போது தயங்கினாள். "என்னுது… எப்படி இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "என்னுதுன்னு நெனச்சப்பம் கஷ்டமா இருந்துச்சு. உன்னுதுன்னா நல்லாத்தான் இருக்கு தாயி. சும்மாவா, அத்தனை பேரு மூச்சு விடுதாங்க. ஆனா நடுவுல சின்னதா ஒரு முள்ளு வரும். எல்லா நாளும் இல்ல, என்னைக்காவது. அது என்னன்னு நீதான் பாக்கணும்."

மறுநாள் பதினொரு மணி. ஜெசிந்தா தணிப்பில் கை வைத்தாள். ஒன்பதுக்குக் கொண்டுபோய்விடலாம், ஒரு தடவல் போதும். எடுத்துவிட்டாள். பூஜ்யத்திலேயே விட்டாள்.

முதலில் மூச்சு வந்தது. ஒருவருடையது, இன்னொருவருடையது. தோள்கள் இறங்கின. அவள் யாருக்கோ செய்தது அவளுக்கே நடந்தது. அழுகை முட்டியது. இவ்வளவு நாளும் இது இருந்திருக்கிறதா! ஐந்தாம் நிமிடத்தில் முள் வந்தது. வந்த வழியே திரும்பிப் போகிற ஒருவருடைய சுருங்கல். பெரியது இல்லை. ஆனால் கூர்மை. அவள் கண்ணை மூடவில்லை, ஓடவில்லை. அந்தச் சுருங்கலுக்குள்ளேயே நின்று, நேற்றைய முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். காலை ஒன்பதே முக்கால். படகிலிருந்து நேரே வந்தவர், சட்டையில் மீன் வாடை. 'டோக்கன் எடுத்துட்டு நாளைக்கு வாங்க' என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒன்பது நிமிடம் முடிந்ததும் கைப்பேசி அலறியது. சுடலைமணி. "வந்துட்டு தாயி! விக்கலோட வந்துட்டு!" என்று கத்தினார். பின்னால் யாரோ கைதட்டுவது கேட்டது. அவளும் கத்தினாள். ராஜகனி எழுந்தே நின்றுவிட்டாள்.

வைத்ததும் நேற்றைய வருகைப் பதிவேட்டில் அந்தப் படகுக்காரரின் பெயரையும் எண்ணையும் தேடி எடுத்து அழைத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் இந்த முறை அது பயம்போல இல்லை.

"ஹலோ, தொம்மை அண்ணனா? மீள்வு நிலையத்துல இருந்து ஜெசிந்தா பேசுதேன். நேத்துக் காலையில உங்க முகத்தைக்கூடப் பாக்காம திருப்பி அனுப்பிட்டேன்."

மறுமுனையில் அலைச் சத்தம். "அட, அதையா? நான் அதை அப்பமே மறந்துட்டேனேம்மா."

"எனக்கு இப்பதான் அண்ணே வந்துச்சு," என்றாள் ஜெசிந்தா, படிப்பானைப் பையில் போட்டபடியே. "எந்தக் கரையில நிக்கீங்க, சொல்லுங்க. நான் வாரேன்."