சாதனம் அறியப்படவில்லை

எப்சிபா செருகியை மறுபடியும் உருவி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, கணவரின் காதுக்குப் பின்னால் இருந்த துளையில் சொருகினாள். சுவரிலிருந்த சிறு திரை சற்று யோசித்துவிட்டு அதே வரியைக் காட்டியது: சாதனம் அறியப்படவில்லை.

ஞானசிகாமணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலங்கள் கட்டிய பொறியாளர். மறதி நோய் வந்தபின் அவருடைய நினைவு மண்டைக்குள் இல்லை. கட்டைவிரல் அளவு நினைவுச்செருகியில் இருந்தது. நாகர்கோவிலில் அறுபது தாண்டியவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். காலையில் பல் தேய்த்த கையோடு செருகியையும் துடைத்து மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார்கள். நோய்க்கு மருந்து தேடும் வேலையை எல்லோரும் எப்போதோ கைவிட்டிருந்தார்கள்.

ஐப்பசி மழையில் அவருடைய செருகி நனைந்து கெட்டது. சரிசெய்து வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் அவருக்குப் பேச்சு இல்லை, யார் பெயரும் தெரியவில்லை. முதலில் அவளைக் கண்டு பயந்தார். பிறகு அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். போகப்போக, அவள் கையால் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கியது. அவள் அடுக்களைக்குப் போனால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். எப்சிபா அந்த நாட்களைத் துக்க நாட்களாகவே எண்ணிக் கடத்தினாள்.

இப்போது செருகி வந்துவிட்டது. தலைதான் அதை ஏற்கவில்லை. இடது காதின் மாற்றுத் துளையில் போட்டுப் பார்த்தாள். மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்து எழுப்பினால் மூளை புதிதாகத் தொடங்கும் என்றார்கள், அதையும் செய்தாள். மடிக்கணினியில் சொருகியபோது அது உடனே அறிந்துகொண்டு, அவருடைய ஆயுள் முழுவதையும் வரிசையாகத் திறந்து காட்டியது. செருகியில் குறையில்லை.

மருத்துவமனையில் செருகிப் பொருத்துநர் பென்சிகர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்.

“வெறுமையா கெடந்த எடத்துல என்னவோ அதுவா வளந்திருக்குக்கா. செருகியில இருக்க ஆளு வேற, இந்தத் தலைக்குள்ள இருக்க ஆளு வேறன்னு ஆயிப்போச்சு. அதான் உள்ள விடமாட்டேங்கு.”

அது என்ன என்று அவள் கேட்டாள். சொல்லோ படமோ அதில் இல்லாததால் கருவியால் படிக்க முடியவில்லை என்றார் பென்சிகர். அதை அழித்துவிட்டால் செருகி ஏறும். விழுங்குவதே அவருக்கு மறந்துகொண்டு வருகிறது, தொண்டைக்கு அதை நினைவூட்டுவதும் செருகிதான். அழிக்காவிட்டால் கிறிஸ்துமஸ் தாண்டுவது கஷ்டம்.

சேலைத் தலைப்பு அப்போதும் ஞானசிகாமணியின் விரல்களில் சுற்றியிருந்தது. வளர்ந்திருப்பது எது என்று எப்சிபாவுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அதைப் பென்சிகரிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தன்னால் சம்மதிக்க முடியாது என்று தெரிந்தது. தலையை மட்டும் அசைத்தாள். அவருடைய விரல்களைப் பிரிக்க நர்ஸ்கள் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

செருகி ஏறிய மறுநாள் அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணாடி கேட்டார். பென்சிகரிடம் ஊர் விசாரித்து, உங்க அப்பாவை எனக்குத் தெரியும் என்றார். அவளை “எப்சி” என்று கூப்பிட்டார். வீட்டில் அவள் கஞ்சியை ஊட்டப் போனபோது, நானே சாப்பிடுகிறேன் என்று மரியாதையாகக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

அந்த மரியாதை நாளுக்கு நாள் கூடியது. ஒரு சாயங்காலம் அவரே பேச்சை எடுத்தார்.

“எப்சி, ஒன்னைப் பத்தி எல்லாம் தெரியுது. கல்யாணத்தன்னைக்கு என்ன கலரு பட்டு உடுத்தியிருந்தேன்னு வரைக்கும் தெரியுது. ஆனா ஒன்னைப் பாத்தா, ஆரோ சொல்லிக் கேட்ட ஆளைப் பாக்குத மாதிரி இருக்கு. முன்னால இப்பிடி இல்லைன்னும் தெரியுது.”

அவள் பென்சிகரிடம் போய் நின்றாள். பழைய படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். அழித்தது புதிதாக முளைத்ததல்ல, அதன் வேர் மிகப் பழையது என்றார். அவருடைய சொந்தத் தலையில் நோய் தொடாமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். இத்தனை வருஷமும் செருகி அதன் மேல்தான் சாய்ந்து நின்றிருக்கிறது. செருகி இல்லாத நாட்களில் அது தானாகத் தழைத்துவிட்டது.

“திருப்பி வைக்க முடியாதா?”

“நகல் எடுத்தாத்தானக்கா வைக்க முடியும். எழுத முடியுறதுக்குத்தான் நகல் உண்டு.” பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “செருகி ஏறாம வர்ற எல்லாருக்கும் இங்க இதத்தான் செய்யுதோம்.”

வெளியே பெஞ்சுகளில் கணவன்மாரும் மனைவிமாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி முறைக்குக் காத்திருந்தார்கள். எப்சிபா அவர்களிடம் ஏதாவது சொல்ல நினைத்தாள். அவர்களைத் தாண்டிப் போய் பஸ் ஏறினாள்.

ஞானசிகாமணி நல்ல மனிதர். மனைவி வருந்துவது அவருக்குப் பொறுக்கவில்லை. தானே மருத்துவமனைக்குப் போய்ச் செருகியில் ஒரு நினைவூட்டல் போட்டுக்கொண்டு வந்தார். அதிலிருந்து தினமும் மாலை ஜெபம் முடிந்ததும் அவர் கை அவள் தோளில் வந்து படிகிறது. சற்று நேரம் அங்கேயே இருக்கிறது. அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கை வருவதற்கு முன்னால் அவர் காதுப் பக்கமிருந்து மெல்லிய மணியோசை ஒன்று எழும். அது கேட்காமலிருக்க, அந்த வேளையில் அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறாள்.