தொட்டுக்கொண்டே இருந்த படம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கையில் வைத்துக்கொள்வதில்லை. எங்கே என்று கேட்டால் ஆகாயத்தைக் காட்டுகிறார்கள். தொலைந்துபோனால் மட்டும் தரையில் ஆள் தேடுகிறார்கள். அப்படித் தேடித்தான் அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, அவள் கிடங்குக்காரர் வீட்டுக்கு வந்தாள். ஊராருடைய பழைய காகிதக் கட்டுகளை அடுக்கி வைக்கும் கிடங்கில் முப்பது வருடம் காவல் இருந்தவர் அவர். படிப்பு குறைவு. தொலைந்ததைக் கண்டுபிடிப்பதில் பெயர் எடுத்தவர். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மாப்பிள்ளை, வழக்கு என்றதும் ஷட்டரை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கேன் சென்டர்ல படங்களைப் பதிஞ்சு பாத்துக்கிற வேலை ஐயா. சேந்து மூணு மாசம்தான் ஆச்சு" என்றாள். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மாவுக்கு எடுத்த படம் காணோம். அப்போ எங்க டாக்டர் ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காரு. இப்போ சிறுநீரகத்துல பெரிய கட்டி. கோர்ட்டுக்குப் போகப் படம் கேக்குறாங்க. நான்தான் ஆதாரத்தை அழிச்சேன்னு டாக்டர் சொல்றாரு. செவ்வாய்க்கிழமை விசாரிச்சுட்டு போலீசுக்கு எழுதிக் கொடுக்கப்போறாங்க."

"நீ அழிச்சியா?"

"அமுக்கினது நான்தான் ஐயா." அவள் விரலைப் பார்த்துக்கொண்டாள். "மூணு க்ளவுட் கம்பெனியில படம் வைக்கிறோம். முதல் இடம் அன்றாட வேலைக்கு. அங்க அஞ்சு வருஷம் ஆனா அழிக்கணும். ரெண்டாவது இடம் அதோட நகல். அங்க அழிஞ்சா இங்கயும் போயிடும். மூணாவது பூட்டுக் கிடங்கு. ஒரு வருஷம் யாரும் திறக்காத படத்தை, முதல் ரெண்டு இடத்துல இருந்தும் எடுத்து கம்ப்யூட்டரே அங்க போட்டுடும். அப்புறம் பத்து வருஷத்துக்கு யாராலயும் அழிக்க முடியாது. மாசாமாசம் மூணாம் தேதி, அழியவேண்டியதோட பட்டியல் எனக்கு வரும். சரின்னு அமுக்கணும்."

"பட்டியல்ல எத்தனை பேர்?"

"முதல் ரெண்டு மாசமும் காலியா வந்துச்சு. இந்த மாசம் ஒரே ஒரு படம். முறைதானேன்னு அமுக்கிட்டேன்."

"டாக்டர்தான் மாமா, சந்தேகமே இல்ல" என்றார் மாப்பிள்ளை.

"அழிச்சது இந்த அம்மா விரல். அதை மொதல்ல ஒத்துக்கிட்டுப் பேசுங்க மாப்பிள்ளை. கிளம்புங்க."

சென்டரின் பின்னறையில் குளிர் எலும்பில் இறங்கியது. சுவருக்கு அப்பால் இயந்திரம் விட்டுவிட்டு உறுமிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா ஒரு விதித்தாளை எடுத்து நீட்டினார். அடியில் டாக்டரின் கையெழுத்து.

"இதை எழுதினது யாரு?"

"டாக்டர்தான். எனக்கு இதெல்லாம் புரியாது, பாஸ்வேர்டுகூடக் கிடையாது. பதிவுக்கு வர்ற பொண்ணுங்களும் வருஷம் ஒருத்தி மாறிடுறாங்க."

"யார் எப்போ திறந்தாங்கன்னு பாக்கலாமா?" என்றார் கிடங்குக்காரர்.

"அந்தக் கணக்கு மூணு மாசம்தான் நிக்கும் மாமா" என்றார் மாப்பிள்ளை, விதித்தாளில் விரலை ஓட்டியபடி. பிறகு திரையில் பழைய பதிவைத் திறந்தார். "அந்த அம்மா வந்த நாள்ல முப்பத்தெட்டுப் பேருக்குப் படம் எடுத்திருக்காங்க. முப்பத்தேழு பூட்டுக் கிடங்குல பத்திரமா இருக்கு. இந்தத் தாள்ல கீழ பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு. ரெண்டாவது இடத்துல அழிச்சது உடனே போகாது, முப்பது நாள் குப்பைத் தொட்டியில கிடக்குமாம்."

கிடங்குக்காரர் விரல் மடக்கி எண்ணினார். பிறகு டாக்டரை வரச்சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார் அவர்.

"எங்க கிடங்குல யாரும் தொடாத கட்டு தானா பின்னுக்குப் போயிடும். முன்வரிசையிலயே ஒரு கட்டு நின்னா, எவனோ அதை எடுத்து எடுத்துப் பாக்குறான்னு அர்த்தம்" என்றார் கிடங்குக்காரர். "முப்பத்தேழு பின்னுக்குப் போச்சு. ஒண்ணு மட்டும் அஞ்சு வருஷமும் முன்னாடியே நின்னுச்சு. வருஷம் முடியறதுக்குள்ள யாரோ திறந்துக்கிட்டே இருந்திருக்காங்க. இந்த அம்மா வந்து மூணு மாசம். இதுக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் அஞ்சு வருஷம் இருக்கல. முதலாளிக்கிட்ட சாவியே இல்ல. மிச்சம் நீங்க ஒருத்தர். நேரா அழிச்சா உங்க பேரு விழும். பூட்டுக்குள்ள போகாம மட்டும் பாத்துக்கிட்டா, அஞ்சாம் வருஷம் விதியே அழிச்சிடும், இன்னொருத்தர் விரலால."

டாக்டர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "திறந்தேன்" என்றார் கடைசியில். "அந்த அம்மா வந்துட்டுப் போன அதே வாரத்துல திரும்பப் பாத்தேன். கடுகு அளவு ஒரு நிழல். கூப்பிட்டுச் சொல்லத் தைரியம் வரல. வருஷம் ஒரு தடவை எடுத்துப் பாப்பேன், வெறும் நிழலா இருக்கக்கூடாதான்னு. மனசு கேக்கல. விதியை எல்லாம் நினைக்கவே இல்ல."

அவர் கண் கலங்கியது. முதலாளியம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அழிஞ்சது மூணாம் தேதி. தொட்டி காலியாகுறது ஞாயித்துக்கிழமை. விசாரணையைச் செவ்வாய்க்கிழமை வச்சது யாரு?"

"நான்தான். அன்னிக்குத்தான் எனக்கு வேலை குறைவு" என்றார் டாக்டர்.

"அப்படியா" என்றார் கிடங்குக்காரர்.

மாப்பிள்ளை தொட்டியிலிருந்து படத்தை மீட்டுத் திரையில் விரித்தார். அந்த நிழல் அங்கேயே இருந்தது. பதிவுப் பெண் அதைப் பார்த்து அழுதாள், தனக்காகவா அந்த அம்மாவுக்காகவா என்று தெரியவில்லை. போலீசுக்கு எழுதுவதாக இருந்த தாளை முதலாளியம்மா கிழித்தார். அவள் முகத்தைப் பார்க்காமலேயே, திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொன்னார். படத்தை அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

"எப்போ?"

"டாக்டர்கிட்ட கலந்துட்டு."

கிடங்குக்காரர் பதிவுப் பெண்ணிடம் திரும்பினார். "ஒரு நகல் எடுத்து நீயே கொண்டுபோய் அந்த அம்மா கையில கொடு. இப்பவே. நாங்க கூட வர்றோம்." முதலாளியம்மா தடுக்கவில்லை.

நகலோடு பதிவுப் பெண் முன்னால் போனாள். படியிறங்கும்போது மாப்பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாவம் மாமா, உண்மையிலயே மனசாட்சி உறுத்தித்தான் பாத்திருப்பாரோ?"

"இருக்கலாம். அவர் பாஸ்வேர்டை மாத்தினாங்களா?"

"இல்ல."

கிடங்குக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டாக்டர் தன் நாற்காலியில் அமர்ந்து, அடுத்த ஆளின் படத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

"மனசாட்சிக்குச் செவ்வாய்க்கிழமை எதுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.