முக்கோணமாக மடித்த கொடி

போன் அலறியது.

சனிக்கிழமை காலை. ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே வெர்மான்ட் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெரிடித் போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி போனை எடுத்தாள்.

"மெரி... நான் கிரேடி பேசறேன். உடனே கிளப் ரூமுக்கு வா."

"ஏன், என்னாச்சு?"

"வந்து பாரு. அடிச்சு நொறுக்கிட்டாங்க."

லைன் செத்தது.

ஓடினாள்.

கன்சர்வேட்டிவ் கிளப்பின் அறை, கல்யாணம் நின்றுபோன மண்டபம் மாதிரி கிடந்தது. நாற்காலிகள் கால் முறிந்து கவிழ்ந்திருந்தன. பேச்சு மேடை இரண்டாகப் பிளந்திருந்தது. சுவரில் சிவப்புப் பெயின்ட்... 'வெளியே போங்க!'

துணைத் தலைவன் கிரேடி நடுவில் நின்றான். கழுத்தில் வழக்கமான டை, முகத்தில் தூக்கம் கெட்ட களை.

"யாரு கிரேடி?"

"வேற யாரு? லிபரல் கிளப் ஐசயா. நேத்து சாயங்காலம் இந்த ரூம்லேர்ந்து வெளிய போனதை எதிர் ரூம் பொண்ணு பார்த்திருக்கா."

மெரிடித் கதவைப் பிடித்துக்கொண்டாள். கதவுக் கொக்கியில் அவளுடைய மப்ளர் ஒழுங்காகத் தொங்கியது. அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

ஐசயாவா?

லிபரல்கள் நிறைந்த இந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் அவளோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே ஜீவன் அவன்தான்!

நெப்ராஸ்காவின் சோளக்காட்டிலிருந்து படிக்க வந்தவள் மெரிடித். 'நான் கன்சர்வேட்டிவ் கிளப் தலைவி' என்று சொன்ன வாரமே அறைத்தோழி பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். கேன்டீனில் அவள் தட்டோடு உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகும். கிளப் கூட்டத்துக்கு வருவது இரண்டே பேர். அவளும் கிரேடியும். பேசுவது ஒருத்தர், கை தட்டுவது மற்றவர்.

எதிர்க்கட்சிக்காரன் ஐசயாதான் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து உட்காருவான். வரி, துப்பாக்கி, எல்லை என்று சூப் ஆறிப்போகும்வரை சண்டை. சண்டை போடவாவது ஓர் ஆள் இருக்கிறானே என்று அவள் மனசு நிறைந்துபோகும்.

"மெரி, இங்க பாரு." கிரேடி காட்டினான்.

அலமாரி மேல் கொடி. சுவரில் மாட்டியிருந்த தேசக்கொடி. கிழியாமல், கசங்காமல், நட்சத்திரங்கள் மேலே தெரிய முக்கோணமாக, சமோசா போல மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இதை மட்டும் ஏன் விட்டான்?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்? நீ டீனைப் போய்ப் பாரு. நான் டிவிக்காரங்களுக்குப் போன் போடறேன்."

டீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"திங்கட்கிழமை விசாரணை, மெரிடித். அனேகமா அவனை வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

"அவன் என்ன சொல்றான் மேடம்?"

"'நான் எதையும் உடைக்கலை.' அவ்வளவுதான். அப்ப உள்ள எதுக்குப் போனேன்னு கேட்டா வாயே திறக்கலை. கல்லுளிமங்கன்."

"நான் அவன்கிட்ட பேசட்டுமா?"

"உன் போனை எடுத்தான்னா பேசேன்."

எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அறையில் எண்பது பேர்! ஜன்னல் விளிம்பில்கூட ஆள். பின்னால் டிவி கேமரா. இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தார்களோ, கையைக் குலுக்கினார்கள், தோளைத் தட்டினார்கள், 'தைரியமா இரு மெரி' என்றார்கள். ஒரு பெண் அவளுக்கு வீட்டில் சுட்ட பிஸ்கட் கொண்டு வந்திருந்தாள்.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷமே அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது. எதிரில் உட்காருபவன் நாளைக்குப் பெட்டி கட்டப் போகிறானே!

கடைசியில் அந்தக் கிளப்பின் வழக்கமான சடங்கு. மறுபடி சுவரில் மாட்டியிருந்த கொடியை இறக்கி இருவர் மடிக்க வேண்டும். இந்தப் பக்கம் கிரேடி. அந்தப் பக்கம் அவள். தரையில் ஒரு நூல்கூடப் படக்கூடாது. சாரணர் படையில் இருந்த கிரேடிதான் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன்.

ஒரு மடிப்பு. இரண்டு மடிப்பு. பிறகு முக்கோணம்... முக்கோணம்...

மெரிடித்தின் கை நின்றது.

அறையையே நாசம் செய்கிறவன் கொடியை எதற்கு இப்படி மடிக்கிறான்? கொடியைத் தரையில் போட மனசு வராத ஒருத்தன்தான் மடிப்பான். அவன் நம்ம ஆள்! நம்ம ரூம் சாவி வைத்திருக்கிற ஆள்!

"நிக்காத, மடி. கேமரா பாக்குது," கிரேடி சிரித்த முகம் மாறாமல் முணுமுணுத்தான்.

"நீதான் உடைச்சே கிரேடி." அவளும் முணுமுணுத்தாள். "எல்லாத்தையும் உடைச்சே. கொடியை மட்டும் கீழ போட மனசு வரலை. மடிச்சு வெச்சுட்டே."

"உளறாத. நான் எங்க மடிச்சேன்? நான் அதைத் தரையிலதான் போட்டேன், டிவில பாக்க நல்லா இருக்கும்னு..."

நிறுத்திக்கொண்டான். காலம் கடந்துவிட்டது.

கொடி இருவருக்கும் நடுவில் நடுங்கியது.

"மெரி... ப்ளீஸ்." குரல் உடைந்தது. "வாராவாரம் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசறோமே, உனக்கு வலிக்கலையா? எனக்கு வலிச்சுது. இப்ப எண்பது பேர் வந்திருக்காங்க. நீ வாயைத் திறந்தா ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க."

அவளுக்குத் தெரியும். திரும்பவும் காலி நாற்காலிகள். திரும்பவும் யாரும் தட்டாத அறைக்கதவு.

கடைசி மடிப்பை முடித்தாள். கொடியை அலமாரியில் வைத்தாள். மைக்கை எடுத்தாள்.

"நம்ம ரூமை உடைச்சது ஐசயா இல்ல," என்றாள். "நம்ம கிளப்தான்."

அறை காலியாக அதிக நேரம் ஆகவில்லை. பிஸ்கட் கொண்டு வந்த பெண் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு.

கிரேடி ஊருக்கு அனுப்பப்பட்டுவிட்டான். சுவரில் பெயின்ட் முழுசாகப் போகவில்லை. மெரிடித் ஒற்றை ஆளாகக் கூட்டத்தைத் துவக்கினாள். 'வந்திருக்கும் அனைவருக்கும்...' என்று ஆரம்பித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொக்கியில் தொங்கிய மப்ளரை அப்போதுதான் உற்றுப் பார்த்தாள்.

அதை அவள் கிளப்பில் விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கேன்டீனில் அல்லவா மறந்துவிட்டு வந்தாள்!

எதிரில் உட்கார்ந்திருந்தது...

"உள்ள வரலாமா?"

வாசலில் ஐசயா. தலையெல்லாம் பனி.

"மப்ளரைக் குடுக்கத்தான் வந்தியா அன்னிக்கு?"

"ஆமா. கதவு திறந்து கிடந்துச்சு. உள்ள எல்லாம் துவம்சம். கொடி பெயின்ட்டுக்குப் பக்கத்துல தரையில கிடந்துச்சு. அப்படியே விட்டுட்டுப் போக முடியலை."

"நீயா மடிச்சே? தனியாவா? ரெண்டு பேர் வேணுமே அதுக்கு!"

"ஒரு முனையைத் தாடையில இடுக்கிக்கணும். பழகிட்டேன்." ஐசயா ஜன்னலைப் பார்த்தான். "அம்மா ராணுவத்துல இருந்தா. அவ திரும்பி வரலை. சவப்பெட்டி மேல போட்ட கொடிதான் மடிச்சு வந்துச்சு. சின்ன வயசுல அதைப் பிரிப்பேன், மடிப்பேன். வீட்ல வேற யாரும் இல்லை."

மெரிடித்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கொடியை மதிக்கிறவன் நம்ம ஆளாகத்தான் இருப்பான் என்று எவ்வளவு நிச்சயமாக நினைத்தாள்!

"டீன்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே?"

"எங்கம்மா சாவைச் சொல்லித் தப்பிக்கவா? வேண்டாம்னு தோணுச்சு."

ஐசயா கால் ஒட்டவைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான்.

"ரெண்டு பேர் இல்லேன்னா உங்க கிளப்பை மூடிடுவாங்களாமே. என் பேரை எழுதிக்க. ஆனா ஒண்ணு, நீ கொண்டு வர்ற ஒவ்வொரு தீர்மானத்தையும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்."

மெரிடித் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைத் துவக்கும் மரச்சுத்தியலைத் தட்டினாள்.

"தாராளமா போடு. ஓட்டு சமமா வந்தா தலைவி சொல்றதுதான் சட்டம். உட்காரு!"