ரப்பர்காரர் அழித்த பெயர்கள்

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை. மூடிக் கிடந்த கம்பிக் கதவைப் பார்த்து லிஃப்ட்காரர் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து ஊரில் நின்றுபோன லிஃப்டுகளை எல்லாம் ஓட வைத்துவிட்டு, தான் ஏற வேண்டிய இடத்தில் மட்டும் படி ஏறுவது அவர் தலையெழுத்து. கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினார். மழை வரப்போகும் சாயங்காலம். படிக்கட்டு ஜன்னல்களில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் சிலர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பல் மருத்துவர் ‘டாக்டர்’. உள்ளே கதை எப்படியிருந்தாலும் அட்டைப்படம் மின்ன வேண்டும் என்று அடம்பிடிக்கும் துணிக்கடை விற்பனையாளர் ‘அட்டை’. இவர் ‘லிஃப்ட்’. போன மாதம் இறந்தவர் ‘ரப்பர்’.

பழைய புத்தகம் என்றால் முதல் பக்கத்தில் ஏதோ ஒரு குழந்தையின் பெயர் பென்சிலில் இருக்கும். கதாநாயகனுக்கு மீசை முளைத்திருக்கும். சேர்ப்பவர்களுக்கு இதெல்லாம் அழுக்கு. ரப்பர்காரரிடம் அனுப்பினால், ரப்பரை அரிசி அளவுக்கு நறுக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டி, அன்றைக்கு அச்சான புத்தகம் மாதிரி திருப்பி அனுப்புவார். கூலி வாங்கமாட்டார். “சுத்தமா இருக்கா?” என்று மட்டும் கேட்பார். சுத்தம் என்று சொன்னால் அன்று முழுக்க சந்தோஷமாக இருப்பார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போய்விட்டால் அவர் புத்தகங்கள் எடைக்குப் போகக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் நேரில் போய்ப் பிரித்து, படிக்கக்கூடியவர்களுக்கு அனுப்ப வேண்டும். பிரித்தவர் ஒரு புத்தகம் தனக்கு எடுத்துக்கொள்ளலாம்.

“லிஃப்டே, நீங்கதான் பக்கம்,” என்று டாக்டர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். “நான் போகலாம்னா எப்பவும் எவனாவது வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.”

“அண்ணே, அட்டை மடங்காம எடுத்துட்டு வாங்க. நீங்க மடங்கினாலும் பரவாயில்லை,” என்றார் அட்டை.

கதவுக்குப் பக்கத்தில் மரப்பலகை ஒன்று தொங்கியது. அதன் மேல் வரி வெறும் மரம். கீழ் வரியில் ஒரு பெண்ணின் பெயர், பின்பாதி இல்லாமல். வெயிலும் மழையும் தின்றிருக்கும் என்று எண்ணிக்கொண்டு மணியை அழுத்தினார்.

திறந்தவர் ரப்பர்காரரின் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நாள்கணக்கில் தூங்காத கண்கள்.

“வாங்க தம்பி. மூச்சு வாங்குதே. லிஃப்ட் ஓடலை, சொல்ல மறந்துட்டேன்.”

“பரவாயில்லைக்கா. நான் போற இடத்துல எதுவும் ஓடாது. ஓடினா என்னை யார் கூப்பிடப் போறாங்க?”

அந்த அம்மாள் லேசாகச் சிரித்து, சூடாகக் குடிக்கக் கொடுத்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து, வார்டில் அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கும் குரலில் சொன்னார்.

“வாசல்ல பலகையைப் பார்த்தீங்களா? மேல இருந்தது தம்பி பேரு. போன வருஷம் கடைசியிலருந்து ஒவ்வொரு எழுத்தா மங்கிச்சு. பெயிண்ட் சரியில்லைன்னு திட்டினான். ஒரே ஒரு எழுத்து மிச்சம் இருந்தது. அது போன அன்னைக்கு அவனும் போயிட்டான்.”

லிஃப்ட்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இப்போ என் பேரு. இருட்டுற நேரம் அந்த ரூம்ல தேய்க்கிற சத்தம் கேட்கும். கேட்டுட்டு வந்து பார்த்தா ஒரு எழுத்து குறைஞ்சிருக்கும். எனக்குப் பயம் இல்லை தம்பி. எத்தனையோ பேரை அனுப்பி வச்ச கை இது. அலுப்புதான். போறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரியாவது நல்லாத் தூங்கணும். புத்தகத்தையெல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க. அப்பவாவது நிக்குதா பார்ப்போம்.”

தனிமையில் இருப்பவர்களுக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்கும் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். “சரிக்கா, பார்த்துடுவோம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அறையில் பழைய தாளின் வாசனையும், அதற்கு அடியில் தேய்ந்த ரப்பரின் வாசனையும் இருந்தன. பள்ளிக்கூட வாசனை. ஒரு சுவர் முழுக்க, பிளாஸ்டிக் உறைகளில் காமிக்ஸ்கள். மேஜையில் கழுத்தை வளைக்கக்கூடிய விளக்கு, தூரிகை, கட்டைவிரல் பள்ளம் விழுந்த ரப்பர் துண்டு. மேஜையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார் அக்கா.

லிஃப்ட்காரர் பிரிக்கத் தொடங்கினார். டாக்டருக்கு இது, அட்டைக்கு இது என்று அடுக்கினார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

‘ஒற்றைப்படகு மாலுமி’யின் கடைசி இதழ். மாலுமி வீடு திரும்பும் இதழ். முதல் பாகத்தைப் படித்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மாலுமி நடுக்கடலிலேயே நின்றுகொண்டிருந்தான். எந்தப் பழைய புத்தகக் கடையிலும் கரை சேரவில்லை. உறைக்குள் அது பால் மாதிரி இருந்தது. ஒரு கறை இல்லை, ஒரு கோடு இல்லை. தன் பங்கு இதுதான் என்று அதைத் தனியே எடுத்து வைத்தார்.

ஜன்னலில் வெளிச்சம் அணைந்தது. மேஜை விளக்கைப் போட்டார்.

சர்... சர்... சர்...

எலி, என்று நினைத்தார். அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. சத்தம் நின்றது. அவர் நிமிர்ந்தார்.

சர்... சர்...

பொறுமையான சத்தம். அவசரமே இல்லாமல், தாள் கிழியாதபடி, ஒரே இடத்தில் தேய்க்கும் சத்தம்.

மேஜைப் பக்கமிருந்து வந்தது.

ரப்பர் அதே இடத்தில்தான் கிடந்தது. அதைச் சுற்றி, துடைத்து வைத்த மேஜையில், சாம்பல் நிறத்தில் புதுத் துகள்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு துகள் சுருண்டு உருண்டது.

வாசலிலிருந்து அக்காவின் குரல், கொஞ்சமும் பதறாமல்:

“தம்பி. இன்னொன்னு போயிடுச்சு.”

அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். கீழ் வரியில் இரண்டு எழுத்துதான் மிச்சம். எழுத்து போன இடத்தில் பலகை புதிதாகச் சீவியது மாதிரி சுத்தமாக இருந்தது.

‘கடவுளே’ என்று வாய்க்குள் சொன்னார். உடனே இறங்கிப் போய்விடலாம் என்றுதான் கால்கள் சொன்னன. ஆனால் அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அறை வாசலில் போட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, நோயாளிக்குத் துணையிருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். அந்த முகத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது? அவர் மேஜைக்குத் திரும்பினார். திரும்பிய வேகத்தில் பை இடித்து விளக்கு ஆட, அதன் கழுத்து மேஜையோடு மேஜையாகச் சாய்ந்தது.

வெளிச்சம் பக்கவாட்டில், அவர் உறை பிரித்துத் திறந்து வைத்திருந்த ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஊர்ந்தது.

வெள்ளைத் தாளில் பள்ளங்கள் தெரிந்தன.

எழுத்துகள். குண்டு குண்டாக, வரிசை தப்பி ஏறிப்போகும் எழுத்துகள். பென்சிலை அழித்துவிட்டார் ரப்பர்காரர். எழுதிய பிள்ளை அழுத்திய அழுத்தத்தை அவரால் அழிக்க முடியவில்லை. ஒரு பெயர். அதன் கீழே, ‘இது என் புத்தகம். படித்துவிட்டுத் திருப்பித் தரவும்.’

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தமாக வேறெதுவும் இல்லாத ஒரு பிள்ளை எழுதியது போலிருந்தது. எத்தனை பேரின் எத்தனை நாள் ஆசை இது. சுத்தம், சுத்தம் என்று எல்லாருமாகச் சேர்ந்து கைதட்டி அழிக்க வைத்தோமே. பாவம், ரப்பர்காரர் கெட்டவர் இல்லை. ஒரு பாராட்டுக்கு ஏங்கிய மனிதர்.

சட்டைப் பையில் சுவரில் குறியிடும் பென்சில் இருந்தது. எடுத்து, அந்தப் பள்ளங்களின் மேல் மெதுவாக ஓட்டினார். பெயர் திரும்பி வந்தது.

சத்தம் நின்றது.

பிறகு அலமாரியின் வேறு மூலையில் தொடங்கியது.

“அக்கா, இதைப் படிங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை,” என்றார். பயம் போக ஒரு வேலை வேண்டும் என்றுதான் சொன்னார். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலையில் வார்டில் கூப்பிடுவது போல் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். இதமாக, கொஞ்சம் களைப்பாக.

அவர் ஒவ்வொரு புத்தகமாகச் சாய்த்தார், எழுதினார். அக்கா கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் அறையின் ஒரு பக்கம் அடங்கியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

ஏதோ ஒரு பெயரை அக்கா கூப்பிட்டு வாய் மூடியபோது, அவர்கள் முதுகுக்குப் பின்னால், அலமாரியின் கீழ்த்தட்டு உயரத்திலிருந்து, ரொம்பச் சின்னக் குரலில்,

“உள்ளேன்.”

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கடைசியில் அறை வெறும் அறையாயிற்று. நாற்காலியில் சாய்ந்தபடியே அக்கா தூங்கிப்போனார். அவர் ஒரு போர்வையைத் தேடி எடுத்துப் போர்த்திவிட்டு, பலகையைப் போய்ப் பார்த்தார். இரண்டு எழுத்தும் இருந்தன.

கருவிப் பையை எடுக்கும்போது ‘ஒற்றைப்படகு மாலுமி’ கையில் தட்டுப்பட்டது. அதை மட்டும் விளக்கடியில் சாய்க்கவில்லை. இதில் ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டார். இவ்வளவு சுத்தமான பிரதி உலகத்தில் இன்னொன்று இருக்காது. கை வலிக்கிறது. கண் எரிகிறது. பெரிய பாவங்களுக்குத் துணிச்சல் வேண்டும், சின்னப் பாவங்களுக்குக் களைப்பே போதும். உறையைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தார்.

மறுநாள் நடந்ததைக் குழுவில் சொன்னார். ரப்பர்காரர் சுத்தம் செய்து அவரவரிடம் உள்ள புத்தகங்களிலும் பெயர்களைத் திரும்ப எழுதச் சொன்னார்.

“யோவ் லிஃப்டே, தூக்கமில்லாம ஏதோ ஆயிடுச்சு உமக்கு,” என்றார் டாக்டர். “அவ்வளவு பாடுபட்டு வெளுத்த துணியை மறுபடியும் சேத்துல போடுறதா?”

கொஞ்ச நேரம் கழித்து அட்டை குரல் அனுப்பினார். கிண்டல் இல்லாத குரல்.

“அண்ணே, என் கடை பேட்ஜ்ல கடைசி ரெண்டு எழுத்து போன வாரம் மங்கிடுச்சு. நான் பிரிண்ட் சரியில்லைன்னு நினைச்சேன். விளக்கை எப்படிச் சாய்க்கணும், சொல்லுங்க.”



அன்று சாயங்காலம் லிஃப்ட்காரருக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. மொட்டை மாடி இயந்திர அறையில் மோட்டாரை நிறுத்திவிட்டு, கம்பிவடத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சூடான எண்ணெய் வாசனை. போன் அடித்தது. அக்கா.

“தம்பி, விடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் எழுந்தேன். இப்போ இருட்டியும் ஒரு சத்தமும் இல்லை. பெயிண்டரை வரச் சொல்லியிருக்கேன், ரெண்டு பேர் பேரையும் எழுத. நீங்க நல்லா இருக்கணும். சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்க்கா,” என்று சாப்பிடாதவர் சொன்னார்.

போனை வைத்தார். மோட்டார் நின்றிருந்ததால் அறையில் ஓர் ஓசையும் இல்லை.

சர்... சர்... சர்...

அவர் எண்ணெய்க் குப்பியை மூடினார்.

சர்... சர்...

கருவிப் பைக்குள்ளிருந்து வந்தது. பிளாஸ்டிக் உறை சின்னதாகச் சரசரத்தது. உள்ளே இருக்கும் விரல்களுக்குத் திறக்கத் தெரியாதது போல.

அவர் தரையில் உட்கார்ந்தார். யாரிடமும் வாதாட அவருக்குத் தெம்பு இல்லை. உறையைப் பிரித்தார். முதல் பக்கத்தைத் திறந்து, டார்ச்சைத் தரையோடு சாய்த்து வைத்தார்.

இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக இருந்தது. ஒரு பெண் குழந்தையின் பெயர். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை எழுதியிருந்தாள்.

“மன்னிச்சுக்கம்மா,” என்றார். “எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

பென்சிலால் எழுதினார். அக்கா கூப்பிட்டது போலவே, இதமாக, அந்தப் பெயரைக் கூப்பிட்டார். பிறகு, என்ன தோன்றியதோ, டார்ச் வெளிச்சத்தில் கதையைச் சத்தம் போட்டுப் படித்தார். புயலில் பாய்மரம் முறிந்தது. மாலுமி கைகளால் துடுப்புப் போட்டான். தூரத்தில் அவன் வீட்டு விளக்கு தெரிந்தது. அவர் நிறுத்தி மூச்சு வாங்கியபோது, அடுத்த பக்கம் தானாகப் புரண்டது. காற்று என்று சொல்ல அங்கே ஜன்னல் கிடையாது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், விட்ட இடத்திலிருந்து படித்து முடித்தார். மாலுமி கரையேறினான்.

அறை அமைதியாக இருந்தது. புத்தகத்தை உறையில் போடாமல், துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

கீழே வாசலில், கருவிப் பையோடு வெளியே போகிறவர்களிடம் காவலாளி அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார். லிஃப்ட்காரர் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். காவலாளி அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன சார் இது, பேருல கடைசி எழுத்தை மட்டும் பென்சில்ல எழுதி வச்சிருக்கீங்க? வீட்டுல சின்னப் பிள்ளைங்க கைவரிசையா?”

அவர் வாங்கிப் பார்த்தார். அச்சடித்த கடைசி எழுத்து இருந்த இடம் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பின் மேல் அதே எழுத்து பென்சிலில், குண்டாக, கொஞ்சம் மேலேறி.

கட்டைவிரலால் தடவினார். பிளாஸ்டிக் வழுவழுப்பாக இருந்தது. எழுத்து உறைக்கு உள்ளே இருந்தது.

இனி அழியக்கூடாது என்று, யாரோ நன்றாக அழுத்தி எழுதியிருந்தார்கள்.